சிவப்பு நாற்காலில உக்காந்திருக்கற ஹொர்டென்ஸ்: செசான் தன் மனைவிய ஏன் இப்படி வரைஞ்சார்

பாஸ்டன் நுண்கலை மியூசியத்துல ஒரு ஆயில் பெயிண்டிங் இருக்கு. பெருசெல்லாம் இல்ல, உயரம் 72.4 சென்டிமீட்டர், அகலம் 55.9, ஒரு ஆள் ரெண்டு கையால தூக்கிடற சைஸ்தான். சிவப்பு குஷன் நாற்காலில ஒரு பெண் உக்காந்திருக்காங்க, ரெண்டு கையையும் மடில கோத்து வச்சிருக்காங்க, முடிய இழுத்து பின்னாடி கட்டியிருக்காங்க, சாம்பல் கலந்த நீலத்துல ஒரு ஜாக்கெட், முன்பக்கம் பெரிய பட்டு ரிப்பன் முடிச்சு, கீழ பச்சையும் மஞ்சளுமா பட்டை பட்டையா இறங்கற நீள ஸ்கர்ட். வரைஞ்சது ஃபிரெஞ்சு ஓவியர் பால் செசான், 1877 வாக்குல. உக்காந்திருக்கறது ஹொர்டென்ஸ் ஃபிக்கே, அப்போ அவங்களுக்கு 27 வயசு இருக்கும், செசானோட சேர்ந்து வாழ ஆரம்பிச்சு 7, 8 வருஷம் ஆகியிருந்தது, 5 வயசுல ஒரு பையன், கல்யாணம் மட்டும் இன்னும் ஆகல. படத்தோட பேர் இன்னிக்கு 'சிவப்பு நாற்காலியில் மேடம் செசான்', ஆனா சட்டப்படி அவங்க மேடம் செசான் ஆனது 1886ல, இந்தப் படம் வரைஞ்சு 9 வருஷம் கழிச்சு.

படத்தப் பார்க்கற முக்காவாசிப் பேருக்கு முதல்ல வர்ற கேள்வி, இவங்க ஏன் இப்படி உம்முனு இருக்காங்கங்கறதுதான். அந்தக் கேள்விலேர்ந்து ஒரு கதையே வளர்ந்துடுச்சு, நூறு வருஷத்துக்கு மேல ஓடிட்டிருக்கு: ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல, அவருக்கு இவங்க மேல பாசம் இல்ல, இவங்களுக்கு அவர் வேலையோட அருமை தெரியல, அதெல்லாம் முகத்துல அப்படியே தெரியுது பாருங்கன்னு. இம்ப்ரெஷனிஸ்டுகளுக்கு அடுத்து வந்த ஓவியப் போக்குக்கு போஸ்ட்-இம்ப்ரெஷனிசம்ங்கற பேரையே உருவாக்கின ஆங்கில விமர்சகர் ரோஜர் ஃப்ரை, செசான இங்கிலாந்துக்காரங்களுக்கு எடுத்துச் சொன்ன பெரிய மனுஷன், அவரே ஒரு கடிதத்துல ஹொர்டென்ஸ ரொம்ப அசிங்கமான வார்த்தைல திட்டியிருக்கார், காரணம் அந்த மூஞ்சிதான். நான் சொல்ல வர்றது, அந்த முகத்த மட்டும் தனியா வெட்டி எடுத்து ஒரு குடும்பத்தோட சண்டை சமாதானத்தப் படிக்க முயற்சி பண்றது படத்துக்கும் அநியாயம், அந்த அம்மாவுக்கும் அநியாயம். செசான் அந்த கான்வாஸ்ல செஞ்சிட்டிருந்த வேலை வேற, அந்த வேலைக்கு அப்படி ஒரு அசையாத முகம் தேவைப்பட்டுது, அத மணிக்கணக்கா உக்காந்து கொடுத்தது ஹொர்டென்ஸ்தான்.

முதல்ல ஆளப் பத்தி கொஞ்சம் சொல்லிடறேன். மரி-ஹொர்டென்ஸ் ஃபிக்கே பிறந்தது 1850 ஏப்ரல் 22, கிழக்கு ஃபிரான்ஸ்ல ஜூரா பகுதில சலின்யேங்கற கிராமத்துல. சாதாரணக் குடும்பம், பாரிஸுக்கு வந்தாங்க, சின்ன வயசுலயே அம்மா போயிட்டாங்க, புத்தகத்துக்கு பைண்டிங் தைக்கற வேலை பார்த்துட்டு ஓவியர்களுக்கு மாடலாவும் உக்காந்தாங்கன்னு சொல்றாங்க. 1869ல செசான சந்திக்கறப்போ அவங்களுக்கு 19, அவருக்கு 30. அடுத்த வருஷமே ஃபிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர், பட்டாளத்துல பிடிச்சுப் போட்டுடுவாங்கன்னு செசான் பாரிஸ விட்டு மார்செய் பக்கத்துல லெஸ்தாக்ங்கற மீனவர் ஊருக்குப் போயிட்டார், ஹொர்டென்ஸும் கூடப் போனாங்க. 1872 ஜனவரில பையன் பிறந்தான், அவனுக்கும் பால்னே பேர்.

இதெல்லாம் ஒருத்தருக்கு மட்டும் தெரியக்கூடாது, செசானோட அப்பாவுக்கு. லூயி-ஓகுஸ்த் செசான் தெற்கு ஃபிரான்ஸ்ல எக்ஸான்ப்ரொவான்ஸ்ங்கற ஊர்ல தொப்பி வியாபாரத்துல ஆரம்பிச்சு பேங்க் முதலாளி ஆனவர், கறார் ஆள், மகன் சட்டம் படிச்சு பேங்க பார்த்துப்பான்னு நினைச்சார், மகன் படம் வரைய போயிட்டான், அதுக்கும் மாசாமாசம் பணம் அனுப்பறது அவர்தான். வீட்ல பொண்ணும் பேரனும் இருக்கறது தெரிஞ்சா பணம் நின்னுடும்ங்கற பயத்துல வருஷக்கணக்கா மறைச்சு வச்சிருந்தார் செசான். 1878ல குட்டு உடைஞ்சுது, படங்கள் வாங்கற நண்பர் விக்டர் ஷொக்கே எழுதின ஒரு கடிதத்த அப்பா பிரிச்சுப் படிச்சுட்டார், அதுல 'மேடம் செசானும் குட்டி பாலும்'னு இருந்தது. அப்பா மாசப் பணத்த 100 ஃப்ராங்கா குறைச்சுட்டார், தனி ஆளுக்கு அது போதும்னு. செசானுக்கு 39 வயசு அப்போ. சின்ன வயசு சிநேகிதன், நாவலாசிரியர் எமில் ஸோலாகிட்ட கடன் கேட்டு, மாசம் 60 ஃப்ராங்க் மார்செய்ல இருந்த ஹொர்டென்ஸுக்குப் போக ஏற்பாடு பண்ணினார். அந்த சமயத்துல ஒருநாள் மார்செய்ல அவங்களப் பார்த்துட்டு திரும்பறப்போ ரயில விட்டுட்டு, அப்பாவோட ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்ல இருந்தாகணும்னு 30 கிலோமீட்டர் நடந்தே போயிருக்கார். அக்கறை இல்லாத ஆள் செய்யற காரியமா இது? குடும்பத்த அப்பாகிட்ட சொல்ல தைரியம் இல்லாத ஆள்னு வேணா சொல்லலாம், அது உண்மைதான், அதோட பாரத்த சுமந்தது ஹொர்டென்ஸ்தான்.

ஆக 1877ல அந்த சிவப்பு நாற்காலில உக்காந்திருக்கறவங்க ஊருக்குத் தெரியாத மனைவி. செசானோட நண்பர்கள் வட்டத்துல அவங்களுக்கு 'உருண்டை'ங்கற அர்த்தத்துல ஒரு பட்டப்பேர் வேற, பணக்கார வீட்டுப் பையன் கூட ஒட்டிக்கிட்ட ஏழைப் பொண்ணுங்கற பார்வை அதுல இருக்கு.

இப்போ படத்துக்கு வருவோம், ஏன்னா பேச வேண்டிய விஷயம் உண்மைல அங்கதான் இருக்கு.

சாதாரணமா போர்ட்ரெய்ட்னா முகம்தான் ராஜா, மத்ததெல்லாம் அதுக்கு சேவகம் பண்ணும். பின்னணி மங்கலா இருக்கும், டிரெஸ் கொஞ்சம் இருட்டா இருக்கும், முகத்துல வெளிச்சம் விழும், கண்ணுல ஒரு பளபளப்பு வைப்பாங்க, நம்ம பார்வை நேரா அங்க போய் நிக்கும். இந்தப் படத்துல அந்த ஏற்பாடே கிடையாது. முதல்ல கண்ணுல அறையறது சேர். அது சும்மா ஒரு சிவப்பு இல்ல, கிட்டப் போய் பார்த்தா மடிப்புல கருஞ்சிவப்பு, மேடான இடத்துல குங்குமச் சிவப்பு, சில இடத்துல நீலம் கலந்த சிவப்பு, ஒவ்வொண்ணும் தனித்தனி பிரஷ் தடம். நிழல் வேணும்னா கறுப்பக் கொஞ்சம் கலந்து இருட்டாக்கறது பழைய வழி, செசான் அப்படிப் பண்றதில்ல, சிவப்ப இன்னொரு சிவப்பால திருப்பறார். சேரோட முதுகு ஹொர்டென்ஸோட தோளுக்குப் பின்னாடி பெருசா வளைஞ்சு வந்து கைப்பிடியா இறங்கி அவங்கள அணைச்சுப் பிடிச்சிருக்கு, கைப்பிடி ஓரத்துல ஒரு குஞ்சம் தொங்குது.

அடுத்து சுவர். மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு மண்ணு கலர் வால்பேப்பர், அதுல இங்கொண்ணும் அங்கொண்ணுமா நீலத்துல சிலுவை மாதிரி ஒரு டிசைன். இதே வால்பேப்பர் செசானோட இன்னும் சில படங்கள்லயும் வருது, அப்போ பாரிஸ்ல அவங்க குடியிருந்த வாடகை வீட்டு சுவர்னு ஆராய்ச்சியாளர்கள் நினைக்கறாங்க, படங்களுக்கு வருஷம் குறிக்கறதுக்கே இந்த வால்பேப்பர துப்பா வச்சுக்கறாங்க. சுவர் ரொம்ப பின்னாடி தள்ளி இருக்கற மாதிரி தெரியாது, சேரோட முதுக ஒட்டி முன்னால வந்து நிக்கும். கீழ்ப்பக்கம் சுவர் முடியற இடத்துல பச்சை நீலத்துல ஒரு அகலமான பட்டை ஓடுது, அந்தப் பட்டைக்கு எதிர்லதான் சிவப்புக் குஞ்சம் தொங்குது, சிவப்பும் பச்சை நீலமும் பக்கத்துல பக்கத்துல வந்தா ரெண்டும் ஒண்ண ஒண்ணு கத்தவிடும், சிவப்பு இன்னும் சிவப்பாகும், பச்சை இன்னும் பச்சையாகும். படத்துலயே சத்தம் அதிகமான இடம் அதுதான், கீழ ஓரத்துல, யாரும் பார்க்க மாட்டாங்கன்னு நினைக்கற இடத்துல.

சுவர்ல இருக்கற அந்த நீலம் அப்படியே ஜாக்கெட்டுக்கு வந்து சாம்பல் நீலமா மாறுது, ரிப்பன் முடிச்சுல பச்சை மினுக்கோட திரும்பவும் வருது. சுவரோட மஞ்சள் பச்சை கீழ ஸ்கர்ட்ல போய் பட்டையா இறங்குது. ஸ்கர்ட்ட நல்லா பார்த்தீங்கன்னா அது துணி மாதிரி வழுவழுன்னு வரைஞ்சதில்ல, சின்னச் சின்னத் திட்டு திட்டா பச்சை மஞ்சள், மஞ்சள் பச்சை, ஒவ்வொரு திட்டும் ஒரு முடிவு. கொஞ்சம் தள்ளி நின்னா அந்தத் திட்டெல்லாம் சேர்ந்து முட்டில மடங்கி விழற கனமான துணியாகிடும். கால் தெரியாது, படம் ஸ்கர்ட்லயே முடிஞ்சிடுது, அதனால அந்தப் பட்டைகள் ஒரு கோபுரத்தோட அடித்தளம் மாதிரி மொத்த உருவத்தையும் தாங்கி நிக்குது.

கடைசியா முகம். இவ்ளோ நிறங்களுக்கு நடுவுல முகத்துக்கு செசான் தனியா 'தோல் கலர்'னு ஒண்ணு வச்சுக்கல. கன்னத்துல சிவப்பு இருக்கு, அது சேர்லேர்ந்து வந்தது. தாடை ஓரத்துலயும் கழுத்துப் பக்கமும் பச்சை இருக்கு, அது சுவர்லேர்ந்து வந்தது. நீலமும் அங்கங்க தொட்டிருக்கு. நம்மள நோக்கி வர்ற பக்கத்துக்கு சூடான கலர், நம்மள விட்டு விலகற பக்கத்துக்கு குளிர்ந்த கலர், இத வச்சே கன்னத்த உருண்டையாக்கிடறார். வெளிச்சம் இருட்டு வச்சு உருவம் கொண்டு வர்றதுக்குப் பதிலா நிறத்த மாத்தி மாத்தியே உருவம் கொண்டு வர்றது, செசானோட மொத்த வாழ்நாள் வேலைனு சொன்னா அது இதுதான்.

இப்போ யோசிச்சுப் பாருங்க, அந்த முகத்துல ஒரு சிரிப்பு இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும். நம்ம கண்ணு நேரா சிரிப்புல போய் ஒட்டிக்கும், சேரும் சுவரும் குஞ்சமும் வெறும் பின்னணியாகிடும், எல்லா இடத்துக்கும் சம மரியாதைங்கற அவரோட கட்டுமானம் அங்கயே சரிஞ்சிடும். மோனே மாதிரி இம்ப்ரெஷனிஸ்டுகள் ஓடற வெளிச்சத்த, மாறற ஒரு நிமிஷத்தப் பிடிக்கப் பார்த்தாங்க, செசானும் அவங்க கூட 1874லயும் 1877லயும் கண்காட்சில படம் வச்சவர்தான், வெளிச்சத்த நேரா வெளில போய் பார்த்து வரையறதயும் அவங்க கிட்டதான் கத்துக்கிட்டார். ஆனா அவருக்கு அந்த நிமிஷம் போதல, மியூசியத்துல இருக்கற பழைய மாஸ்டர்களோட படம் மாதிரி உறுதியா நிக்கற ஒண்ணா அத மாத்தணும்னு ஆசைப்பட்டார். சிரிப்பு ஒரு நிமிஷத்து விஷயம். அவர் தேடினது ஒரு நிமிஷத்துல மறையாத ஒண்ணு.

1907 அக்டோபர்ல, செசான் இறந்து ஒரு வருஷம் கழிச்சு, பாரிஸ்ல வருஷா வருஷம் நடக்கற இலையுதிர்கால சலோன்ங்கற ஓவியக் கண்காட்சில அவருக்கு நினைவுக் கண்காட்சி நடந்தது, 56 படங்கள். ஜெர்மன் மொழிக் கவிஞர் ரைனர் மரியா ரில்க கிட்டத்தட்ட தினமும் அங்க போய் நின்னுட்டு, ஊர்ல இருந்த மனைவி க்ளாராவுக்குக் கடிதமா எழுதித் தள்ளினார். கண்காட்சி முடியற அன்னிக்கு அவர் எழுதின கடிதத்துல இந்தப் படம்தான் மையம். சேர், சுவர், ரிப்பன், ஸ்கர்ட்னு ஒவ்வொரு நிறமா எடுத்து நினைவுலேர்ந்து வர்ணிச்சுட்டு, படத்துல இருக்கற ஒவ்வொரு இடமும் மத்த எல்லா இடத்தப் பத்தியும் தெரிஞ்சு வச்சிருக்கற மாதிரி இருக்குன்னு சொல்றார். எனக்கு செசானப் பத்தி எழுதப்பட்டதுலயே இதவிடப் பொருத்தமான ஒரு பார்வை கிடைச்சதில்ல. ரில்க அதுல முகத்தோட மனநிலையப் பத்திப் பேசவே இல்ல, கல்யாண வாழ்க்கையப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, முகத்தையும் சுத்தி இருக்கற நிறங்கள் சேர்ந்து எப்படி உண்டாக்குதுங்கறதுலதான் அவர் கவனம் போகுது. ஒரு கவிஞருக்குத் தெரிஞ்சது பின்னாடி வந்த எத்தனையோ வாழ்க்கை வரலாறு எழுதினவங்களுக்குத் தெரியாமப் போச்சு.

சரி, அந்த நாற்காலில உக்காந்து இருக்கறது எவ்ளோ கஷ்டம்ங்கறதயும் பேசணும். செசான் வரையற வேகம் ரொம்ப ரொம்ப மெதுவு. ஒரு தடவ பிரஷ் வைக்கறதுக்கும் அடுத்த தடவ வைக்கறதுக்கும் நடுவுல நீண்ட நேரம் பார்த்துட்டே இருப்பார், ஏன்னா ஒரு திட்டு நிறம் மாறினா பக்கத்துல இருக்கற எல்லாம் மாறும். ஆப்பிள் வச்சு ஆரம்பிச்சா படம் முடியறதுக்குள்ள ஆப்பிள் அழுகிடும், பூ வாடிடும், அதனால பின்னாடி காகிதப் பூ வச்சு வரைஞ்சிருக்கார். 1899ல ஆம்ப்ருவாஸ் வோலார்ங்கற ஓவிய வியாபாரி அவர்கிட்ட போர்ட்ரெய்ட்டுக்கு உக்காந்தார், அவரே எழுதி வச்சிருக்கற கணக்குப்படி 115 தடவ. ஒருநாள் தூக்கத்துல சரிஞ்சு விழுந்தப்போ, ஆப்பிள் மாதிரி உக்காரச் சொன்னேனே, ஆப்பிள் அசையுமான்னு செசான் கத்தினாராம். அவ்ளோ நாள் உக்காந்த பிறகு படத்த அப்படியே நிறுத்திட்டு, சட்டையோட முன்பக்கம் பரவாயில்லன்னாராம்.

வோலார் ஒரே ஒரு படத்துக்கு உக்காந்தவர், அதுக்கே உலகத்துக்கெல்லாம் சொல்லிக்கிட்டார். ஹொர்டென்ஸ வச்சு செசான் வரைஞ்ச ஆயில் போர்ட்ரெய்ட் மட்டும் 29 தெரிய வந்திருக்கு, அதுக்கு மேல பென்சில் ஸ்கெட்சுகள், வாட்டர்கலர், 20 வருஷ காலம். அவங்க அந்த அனுபவத்தப் பத்தி ஒரு வரி எழுதி வச்சது நம்ம கைக்கு வரல. பணம் கொடுத்து மாடல் வைக்க வசதி இல்லாத காலத்துல, வைக்க வசதி வந்த பிறகும் தெரியாத பெண்கள் முன்னாடி வரையக் கூச்சப்பட்ட ஒரு மனுஷனுக்கு, அசையாம, பேசாம, திரும்பத் திரும்ப வந்து உக்காந்தவங்க இவங்கதான். நம்ம வீட்ல தாத்தா பாட்டியோட பழைய ஸ்டுடியோ ஃபோட்டோ இருக்கும் பாருங்க, கையத் தொடைல வச்சுக்கிட்டு கேமராவ முறைச்சுட்டு உக்காந்திருப்பாங்க, அத வச்சு பாட்டிக்கு தாத்தாவப் பிடிக்கலன்னு யாராவது சொல்வோமா? ரொம்ப நேரம் அசையாம இருக்கற முகம் அப்படித்தான் ஆகும், தசையெல்லாம் தளர்ந்து, பார்வை உள்ள போய், எந்த உணர்ச்சியும் மேல நிக்காது. செசான் தன்னைத் தானே வரைஞ்ச படங்கள எடுத்துப் பாருங்க, அதுலயும் சிரிப்பு கிடையாது, அவர யாரும் கடுகடு புருஷன்னு சொல்லல.

1888க்கும் 1890க்கும் நடுவுல இன்னொரு வரிசை வருது, சிவப்பு டிரெஸ் போட்ட ஹொர்டென்ஸ், மொத்தம் 4 படம். அதுல ஒண்ணு சிகாகோவுல, ஒண்ணு பாஸல் பக்கத்துல பையலர் அறக்கட்டளைல, ஒண்ணு பிரேசில்ல சாவோ பாலோவுல. நாலாவது, பெருசு, 116 சென்டிமீட்டருக்கு மேல உயரம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல. அந்த நியூயார்க் படம் எனக்கு பாஸ்டன் படத்துக்கு அடுத்தபடியா ரொம்பப் பிடிச்சது, ஏன்னா அதுல எல்லாமே சாயுது. நாற்காலி ஒரு பக்கம் சாயுது, உருவம் அதோட சேர்ந்து சரியுது, ஒரு பக்கம் பூப்போட்ட கனமான திரைச்சீலை தொங்குது, இன்னொரு பக்கம் கணப்படுப்பும் அதுக்கு மேல கண்ணாடியும், அந்தக் கோடுகளும் நேரா இல்ல. ஒரே இடத்துல நின்னு பார்த்து வரைஞ்சா இப்படி வராது. ரெண்டு கண்ணோட பார்வையும், கொஞ்சம் நகர்ந்து நின்னு பார்த்த பார்வையும், நேத்து பார்த்ததும் இன்னிக்கு பார்த்ததும் எல்லாம் சேர்ந்து ஒரே கான்வாஸ்ல உக்காந்திருக்கு. அறையே கப்பல் மாதிரி ஆடறப்போ நடுவுல அந்த முட்டை வடிவ முகம் மட்டும் நிதானமா இருக்கு. ஒரு பொருள பல கோணத்துலேர்ந்து பார்த்து ஒரே படத்துல உடைச்சு வைக்கற க்யூபிஸம் வர்றதுக்கு 20 வருஷம் முன்னாடி இது நடக்குது.

அந்த 20 வருஷ இடைவெளிய இணைக்கறதும் ஹொர்டென்ஸோட இன்னொரு படம்தான். கையில விசிறி வச்சுக்கிட்டு சிவப்பு நாற்காலில உக்காந்திருக்கற அந்தப் படத்த 1904ல பாரிஸ்ல இருந்த அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனும் அவங்க அண்ணன் லியோவும் வோலார்கிட்டேர்ந்து வாங்கி வீட்ல மாட்டினாங்க. கெர்ட்ரூட் தன்னோட ஆரம்பகாலக் கதைகள அந்தப் படத்துக்குக் கீழ உக்காந்துதான் எழுதினதா சொல்லியிருக்காங்க, ஒரு வாக்கியத்துக்கு மேல இன்னொரு வாக்கியத்த லேசா மாத்தி மாத்தி அடுக்கற அவங்க நடைக்கும் செசானோட திட்டுகளுக்கும் உறவு இருக்குன்னு அவங்களே நினைச்சாங்க. அந்த வீட்டுக்கு வந்து போயிட்டிருந்த இளைஞர் பிக்காசோ 1905, 1906ல கெர்ட்ரூட நாற்காலில உக்கார வச்சு வரைஞ்ச போர்ட்ரெய்ட்ல, முகமூடி மாதிரி ஆகிப்போன அந்த முகத்துல, சுவர்ல மாட்டியிருந்த ஹொர்டென்ஸ் இருக்காங்க. விசிறிப் படம் இப்போ சூரிச்ல ப்யூர்லே சேகரிப்புல இருக்கு.

இன்னொரு படத்தோட பயணம் இதவிட நீளம். 1891 வாக்குல செசான் குடும்ப வீடான ஜா த பூஃபான்ல செடி வளர்க்கற கண்ணாடி அறைல ஹொர்டென்ஸ உக்கார வச்சு ஒண்ணு வரைஞ்சார், நீல டிரெஸ், பின்னாடி செடிகள், முகம் மட்டும் முழுசா முடிஞ்சிருக்கு, டிரெஸ்ஸோட கீழ்ப்பகுதில கான்வாஸ் வெறுமையா தெரியுது. அந்த முகத்துல ஒரு மென்மை இருக்கு, உம்முனு சொல்றவங்களுக்கு நான் காட்டற முதல் படம் இதுதான். மாஸ்கோவுல ஜவுளி ஆலை முதலாளி இவான் மொரோஸோவ் இத வாங்கினார், ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு அரசாங்கம் அவரோட சேகரிப்ப எடுத்துக்கிச்சு, 1933ல சோவியத் அரசு பணத் தேவைக்கு வெளிநாட்ல வித்த படங்கள்ல இதுவும் ஒண்ணு, அமெரிக்காவோட ஸ்டீஃபன் க்ளார்க் வாங்கி, பின்னாடி மெட்ரோபாலிட்டனுக்கு எழுதி வச்சார்.

1962ல அமெரிக்க பாப் ஆர்ட் ஓவியர் ராய் லிக்டென்ஸ்டைன் வரைஞ்ச 'மேடம் செசானோட போர்ட்ரெய்ட்' வேற மாதிரிக் கதை. கலிஃபோர்னியாவுல ஓவியப் பேராசிரியரா இருந்த எர்ல் லோரன், செசானோட படங்கள கோட்டுப் படமா மாத்தி, எங்க என்ன சாயுது, எது எத இழுக்குதுன்னு அம்புக்குறி போட்டு 1943ல ஒரு புத்தகம் போட்டிருந்தார், மாணவர்களுக்கு ரொம்ப உதவின புத்தகம். ஹொர்டென்ஸ் படத்துக்கு அவர் போட்ட அந்த வரைபடத்த லிக்டென்ஸ்டைன் அப்படியே பெரிய கான்வாஸ்ல கறுப்புக் கோட்ல எடுத்து வச்சார். லோரனுக்குக் கடும் கோபம், பத்திரிகைல எழுதி சண்டை போட்டார். இதுல யார் சரிங்கறது இன்னிக்கும் வாதம் பண்ணக்கூடிய விஷயம், ஆனா எனக்குப் படறது என்னன்னா அந்தக் கோட்டுப் படத்துல முகமும் இல்ல, நிறமும் இல்ல, அதாவது செசான் எத வச்சு அந்தப் பெண்ண உருவாக்கினாரோ அது முழுசா போயிடுச்சு. எலும்புக்கூட்ட வச்சு செசான விளக்கவே முடியாதுங்கறதுக்கு அந்தப் படமே சாட்சி.

ஹொர்டென்ஸோட வாழ்க்கைக்குத் திரும்புவோம், ஏன்னா அவங்கள நல்லவங்களா காட்டணும்னு உண்மைய மறைக்கறதும் தப்பு. அவங்க கல்யாணம் சந்தோஷமான கல்யாணம்னு நான் சொல்லல. 1886 ஏப்ரல்ல கல்யாணம், அதே வருஷம் அக்டோபர்ல மாமனார் காலமானார், செசான் பெரிய பணக்காரர் ஆனார், ஆனா அதுக்கப்புறம் அவர் பெரும்பாலும் அம்மாவோடயும் தங்கச்சியோடயும் எக்ஸான்ப்ரொவான்ஸ்ல இருந்தார், ஹொர்டென்ஸும் பையனும் பெரும்பாலும் பாரிஸ்ல. 1890ல குடும்பமா சுவிட்சர்லாந்து போய் சில மாசம் இருந்தாங்க. மனைவிக்குப் பிடிச்சது சுவிட்சர்லாந்தும் லெமனேடும்தான்னு அவர் சொன்னதா ஒரு பேச்சு எல்லாப் புத்தகத்துலயும் வருது. 1902ல எழுதின உயில்ல சொத்து மொத்தத்தையும் மகன் பேருக்கே எழுதி வச்சார். 1906ல மழைல நனைஞ்சு, நிமோனியா வந்து சில நாள்ல அவர் இறந்தப்போ ஹொர்டென்ஸ் பாரிஸ்ல இருந்தாங்க, டிரெஸ் தைக்கற கடைல அப்பாயின்ட்மென்ட் இருந்ததால கிளம்பலன்னு ஒரு கதை கட்டி விட்டாங்க, அத வரலாறு மாதிரி ஆளுக்காள் எடுத்து எழுதினாங்க.

இதெல்லாம் எதுவும் அந்த 29 படத்தோட நிஜத்த மாத்தாது. பிரிஞ்சு இருந்த வருஷங்கள்லயும் அவங்க வந்து உக்காந்திருக்காங்க, அவரும் கூப்பிட்டு வரைஞ்சிருக்கார். சிவப்பு டிரெஸ் 4 படமும் கண்ணாடி அறைப் படமும் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. பிடிக்காத ஒரு ஆளோட முகத்த 20 வருஷம் ஒருத்தர் அப்படித் திரும்பத் திரும்பப் பார்ப்பாரா? அவர் திரும்பத் திரும்பப் போன விஷயம் இன்னொண்ணு இருக்கு, எக்ஸான்ப்ரொவான்ஸுக்கு வெளில நிக்கற சான்-விக்த்வார் மலை. அந்த மலையப் பார்த்து ஏன் முறைக்குதுன்னு நாம கேக்கறதில்ல.

2014 நவம்பர்ல மெட்ரோபாலிட்டன் மியூசியம் ஹொர்டென்ஸ் படங்களுக்குன்னே தனிக் கண்காட்சி வச்சது, 29ல 24 படம் வந்தது. அது எனக்கு முக்கியமான நிகழ்ச்சியாப் படுது. ஒரே முகம் 24 விதமா மாறறத ஒரே இடத்துல பார்த்தவங்களுக்கு, இதுல ஏதோ ஒண்ண மட்டும் எடுத்து 'இதுதான் அவங்க குணம்'னு சொல்ல வாய் வராது. ஒண்ணுல சின்னப் பொண்ணு மாதிரி, ஒண்ணுல நடுவயசு தாண்டின மாதிரி, ஃபிலடெல்ஃபியாவுல இருக்கற படத்துல முடிய அவிழ்த்து விட்டு தலை சாய்ஞ்சு சோகமா, ஸ்டாக்ஹோம்ல இருக்கறதுல தலை குனிஞ்சு தையல் வேலைல மூழ்கி. அந்தத் தையல் படம் பாஸ்டன் படம் வரைஞ்ச அதே காலத்தோடது. தையல் தெரிஞ்ச, துணி மேல ஆசை உள்ள ஒரு பெண், 1877ல ஃபேஷனா இருந்த பட்டை போட்ட ஸ்கர்ட்டும் ரிப்பன் வச்ச ஜாக்கெட்டும் போட்டுக்கிட்டு வந்து உக்காந்ததாலதான் அந்தப் படத்துக்கு அவ்ளோ பச்சையும் நீலமும் கிடைச்சது, அத ஒருத்தரும் அவங்க கணக்குல எழுதல.

பாஸ்டன் மியூசியம் வெப்சைட்ல இந்தப் படத்தோட தெளிவான பிரதி இருக்கு, கொஞ்சம் பெரிய ஸ்கிரீன்ல பாருங்க. முதல்ல முகத்துக்குப் போகாதீங்க, கையால மறைச்சுக்கிட்டாலும் சரி. கீழ தொங்கற சிவப்புக் குஞ்சத்துலேர்ந்து ஆரம்பிச்சு, கைப்பிடி வழியா ஏறி, சேர் முதுக சுத்தி, சுவர்ல நீல டிசைன் ஒவ்வொண்ணா தொட்டு, ரிப்பனுக்கு இறங்கி, ஸ்கர்ட் பட்டைகள்ல ஒண்ணு ரெண்டு பச்சைய தனியாப் பிரிச்சுப் பார்த்துட்டு, அப்புறம் கைய எடுங்க.